பாகம் பிரிந்த நாலு டிஸ்க்

போன வாரம் மந்தைவெளியில் மாவு அரைக்கப் போனவன், மில்லுக்குப் பக்கத்துப் பழைய சாமான் கடை வாசலில் நின்றுவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையச் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றின் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு யாரோ வைத்தது. எடுத்து மோந்து பார்த்தேன்.

"இன்னா சார், ஊசிப்போச்சானு பாக்கறியா?" என்றார் கடைக்காரர்.

அவருக்கு எப்படிச் சொல்வது. சூடான இரும்பின் மேல் சந்தனம் காயும்போது ஒரு வாசனை வரும். பன்னிரண்டு வருஷம் அந்த வாசனையில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி, சீமந்தம் எல்லாவற்றுக்கும் போட்டோ, வீடியோ. அண்ணன் தம்பி இரண்டு பேர் முதலாளிகள். நாங்கள் பெரிய சார், சின்ன சார் என்போம். நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். படிப்பு பிளஸ் டூ, அதிலும் இங்கிலீஷில் ஒரு தரம் கோட்டை விட்டவன். வேலை கிடைத்ததற்கு என் படிப்பு காரணமில்லை. நேர்முகத்துக்குப் போன அன்று நெற்றியில் பட்டை போட்டிருந்தேன், பெரிய சாருக்குப் பிடித்துப்போயிற்று. கபாலி போட்ட பிச்சை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கரீம் பாய். ராயப்பேட்டைக்காரர், அந்த சர்வரைக் கட்டி நிறுத்தியவரே அவர்தான். பிறகு தரமணியில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார் என்றாலும் போனில் பிடித்தால் வருவார். அவர் சொன்ன கமாண்டுகளையெல்லாம் ஒரு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, "சிவ சிவ" என்று சொல்லித்தான் என்டர் தட்டுவேன். "தப்பா அடிச்சா உங்க சிவனே வந்தாலும் திரும்ப வராது சாமியாரே, எழுத்தைப் பாத்து அடி" என்பார் பாய்.

சர்வரில் நாலு டிஸ்க். நாலையும் சேர்த்து ஒரே குரூப்பாக பாய் கட்டியிருந்தார். வால்யூம் குரூப் என்று பெயர். கூட்டுக் குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய வீடு. உள்ளே வால்யூம் என்று அறை அறையாகத் தடுத்துக்கொள்ளலாம். ஒரு அறையின் பாதி இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும், மீதிப் பாதி மூன்றாவதில் இருக்கும். புழங்குகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒற்றுமையாக இருக்கும் வரைக்கும் யாருக்குத் தெரிய வேண்டும்?

அண்ணன் தம்பி பிரிவதென்று முடிவானது ஒரு ஆடி மாதத்தில். காரணத்தைக் கேட்காதீர்கள். ஒரு கல்யாணத்தில் மாங்கல்ய தாரணத்தின்போது இருவரும் குறுக்கும் நெடுக்கும் நின்று, கடைசியில் ஆல்பத்தில் தாலிக்குப் பதில் பெரிய சாரின் முதுகு வந்தது. அதிலிருந்து ஆரம்பம். ஆடியில் எதுவும் பிரிக்கக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆவணி வரை ஒரே அறையில், ஒரே ஃபேனுக்கு அடியில், முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். "அவன்ட்ட சொல்லு" என்று பெரியவர் எனக்குச் சொல்வார். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சின்னவரிடம் நான் போய்ச் சொல்வேன்.

காமிரா, லைட், லைட்டுக்குப் பிடிக்கிற குடை எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. டிஸ்க் தலைக்கு இரண்டு. பெரியவருக்கு முதல் இரண்டு, சின்னவருக்குப் பின் இரண்டு. சின்னவர் தன்னுடையதை அடையாறுக்குக் கொண்டுபோய்த் தனிக் கடை போடுவதாக ஏற்பாடு. அவரவர் எடுத்த கல்யாணம் அவரவர் பக்கம். வந்தது பாருங்கள் வினை, "அப்பா" என்ற பெயரில் இருந்த வால்யூமில்.

அவர்களுடைய அப்பா நான் வேலைக்குச் சேருமுன்பே காலமாகிவிட்டவர். வாழ்நாளெல்லாம் கையில் வீடியோ காமிராவோடு திரிந்தவராம். நவராத்திரி கொலு, பெரியவரின் பூணூல், பெசன்ட் நகர் கடற்கரை என்று வீட்டை எடுத்துத் தள்ளியிருக்கிறார். எடுத்தவர் அவரே என்பதால் ஒரு காட்சியிலும் அவர் இல்லை. குரல் மட்டும் பின்னாலிருந்து வரும். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு", "பல்லைக் காட்டு", "போதும், ரொம்பக் காட்டாதே." கேசட்டுகள் பூஞ்சை பிடித்து வீணாகுமுன் கரீம் பாய்தான் அவற்றை சர்வரில் ஏற்றினார். கேசட் அத்தனையும் பிறகு குப்பைக்குப் போய்விட்டது. ஆக, அப்பாவின் குரல் உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அதிலும் பாதி இரண்டாவது டிஸ்க்கில், பாதி மூன்றாவதில்.

பிரிக்கிற கமாண்டுக்குப் பெயர் விஜிஸ்ப்ளிட். இந்த டிஸ்க்குகளைப் பழைய குரூப்பிலிருந்து எடுத்துப் புதுக் குரூப்பில் வை என்றால் வைத்துவிடும். ஆனால் ஓர் அறை பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடும். ஒத்திகை பார்த்தபோது அதைத்தான் சொல்லிற்று. வக்கீல்கள் இதை ஒரு வருஷம் இழுத்திருப்பார்கள். அது ஒரே வரியில் சொல்லிவிட்டது.

"அதுக்கின்னா, ஒரு பக்கமா நவுத்து. இன்னொரு பக்கத்துக்கு ஒரு காப்பி போடு. தீந்துச்சு மேட்டர்" என்றார் பாய் போனில்.

தீரவில்லை. பெரியவர், "மூத்த பிள்ளை நான். கொள்ளி போட்டவன். அசல் எனக்கு, அவன் வேணா நகலை எடுத்துக்கட்டும்" என்றார். சின்னவர், "கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரில கூட இருந்தவன் நான். அசல் இல்லேன்னா நேக்கு ஒண்ணுமே வேண்டாம்" என்றார். கம்ப்யூட்டரில் அசலும் நகலும் ஒன்றுதான் சார், மயிரிழை வித்தியாசம் இருக்காது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "அப்போ ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ் குடுத்தா ஏன் அசல் கேக்கறான்?" என்றார் பெரியவர்.

பாயிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "சாமியாரே, நவுத்தறதுனா இன்னானு நெனச்ச? அங்க ஒரு காப்பி எடுத்துட்டு, இங்க கீறத மறந்துடும். அவ்ளோதான். எப்புடிப் பாத்தாலும் ரெண்டு பேருக்கும் காப்பிதான்."

உடம்பு மாறினாலும் ஆத்மா அதேதான் என்று உபன்யாசத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரே ஆத்மா ஒரே சமயத்தில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருப்பதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

எது அசல் என்று இருவரிடமும் சொல்லாமல் நகர்த்தினேன். அது வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நடக்கும், இரண்டு நாள் ஓடியது. பெரியவர் பக்கம் ஒன்று, சின்னவர் பக்கம் ஒன்று என்று "அப்பா" இரண்டானார். இனி பிரிக்க வேண்டியதுதான் என்று நாள் குறித்தோம். புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது இரு தரப்பு ஜோசியர்களின் தீர்ப்பு. சிவ சிவ என்று என்டர் தட்டினேன். மாட்டேன் என்றது. சின்னவர் பக்கம் போக வேண்டிய ஒரு வால்யூம் புழக்கத்தில் இருக்கிறது, மூடிவிட்டு வா என்றது.

யார் புழங்குவது என்று தேடினால், சாமி.

ஸ்டுடியோ பூஜை மாடத்தில் ஒரு டிவி உண்டு. அதில் அறுபத்து மூவர் உற்சவ வீடியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். சின்னவர் எடுத்தது, ஓட விட்டவன் நான். பக்தியில் செய்தது. நிறுத்தலாமா என்று கேட்டேன்.

"சுவாமி வீதி உலா வந்துண்டிருக்கறச்சே நடுத்தெருவுல நிறுத்தப்படாது" என்றார் பெரியவர். சின்னவரும் தலையாட்டினார். ஆடி முடிந்த பிறகு முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போன விஷயம் என் வேலையைக் கெடுப்பதாக அமைந்தது. மணி பதினொன்று இருபது.

பாயைக் கூப்பிட்டேன். "உங்க கோயில்ல சாமிக்கு ரெஸ்டே கெடையாதா? எப்பவாச்சும் கதவு சாத்துவீங்கல்ல?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைவேத்தியம். சாமி சாப்பிடும்போது திரை போட்டுவிடுவார்கள், யாரும் பார்க்கக்கூடாது. ஓடிப்போய்க் கீழே மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்தேன். மாடத்தில் வைத்து, டிவிக்கு முன்னால் பெரிய சாரின் அங்கவஸ்திரத்தைக் கட்டித் திரை போட்டோம். திரைக்குப் பின்னால் படம் நின்றது, வால்யூம் மூடியது. அண்ணனும் தம்பியும் கண்ணை மூடிக் கை கூப்பி நிற்க, நான் கமாண்டை அடித்தேன். இரண்டு விநாடி. கூட்டுக் குடும்பம் பிரிந்தது. கற்பூரம் காட்டித் திரையை விலக்கியபோது டிவியில் ஓடியது பெரியவருக்காக நான் எடுத்து வைத்திருந்த நகல். சாமிக்கு நகல் போதும் என்பதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை.

பொங்கலைத் தின்றுகொண்டே பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லு. அசல் எங்கிட்டக்கதானே?" ஆமாம் சார் என்றேன். பத்து நிமிஷம் கழித்து மாடிப்படியில் சின்னவர் அதையே கேட்டார். அவருக்கும் ஆமாம் சார். அன்று சாயங்காலம் கபாலீசுவரர் கோயிலில் நவக்கிரகத்தைப் பதினெட்டு சுற்று சுற்றினேன். ஒரு பொய்க்கு ஒன்பது.

நானும் பெரியவரோடே மயிலாப்பூரில் இருந்துவிட்டேன். அவர் வருஷா வருஷம் திதியன்று மாமியை, அதாவது அவருடைய அம்மாவை, ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து "அப்பா"வைப் போட்டுக் காட்டுவார். மாமிக்கு அப்போதே காது மந்தம். படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்னொரு பிரதி எடுத்து வைப்போம் சார் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "அசல் இருக்கறச்சே நகல் எதுக்கு? எடுத்தா அதோட மவுசு போயிடும்" என்பார்.

ஒருநாள் "அப்பா" இருந்த டிஸ்க் டக் டக் என்று தட்டிவிட்டு நின்றது. எந்த டாக்டராலும் எழுப்ப முடியவில்லை.

அந்த வருஷம்தான் மாமிக்குப் புதிதாகக் காது மெஷின் வைத்திருந்தார்கள். "இப்போ நன்னாக் கேக்கறது. அவர் குரலைப் போடுப்பா" என்று என்னிடமே கேட்டார்கள். நான் பெரியவரிடம், அடையாறில் ஒன்று இருக்கிறதே என்றேன்.

"அவன் நகலை வாங்கி அம்மாவுக்குக் காட்டறதா? அதுக்குக் காட்டாமலே இருக்கலாம்."

வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன். அசல் அவரிடம் இருக்கிறது என்று சொன்னது பொய், தம்பியிடம் சொன்னதும் பொய், நகர்ந்த அன்றைக்கே அசல் போய்விட்டது என்று. "அப்போ இத்தனை வருஷமா நகலுக்கா நான் பூ போட்டுண்டிருந்தேன்?" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். போகாதே என்று சொல்லவில்லை. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறினேன்.

சின்னவர் டிஸ்க்கைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். "நான் ஒரு தரம் கூடப் போட்டுப் பாக்கலை. அசலாச்சே, ஓட்டி ஓட்டித் தேஞ்சுடுமோன்னு பயம்" என்றார். அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அண்ணாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். என்னவோ அதில் ஒரு திருப்தி அவருக்கு.

மாட்டினேன். குரூப் பெயர் திரையில் வந்தது, வால்யூம் திறந்தது. கொலுப்படி தெரிந்து, பின்னாலிருந்து குரல் வந்ததும் சின்னவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவேதான்" என்றார். என் போனில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். அவரும் கூட வந்தார். பெரியவர் வீட்டு வாசல் வரை வந்தார் என்பதுதான் சரி. செருப்பைக் கழற்ற அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மாமி போனைக் காது மெஷினுக்கு அருகில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பெரியவர், இன்னொரு பக்கம் சின்னவர். முழுவதும் கேட்டுவிட்டு மாமி தலையை அசைத்தார்கள்.

"இது அவர் குரல் இல்லை. அவர் குரல் நன்னா கனமா இருக்கும். இது யாரோ கீச்சுக் கீச்சுன்னு அவரை மாதிரியே பேசறா."

"அப்பாதாம்மா" என்றார்கள் பிள்ளைகள் இருவரும், ஒரே நேரத்தில்.

"நோக்கு என்னடா தெரியும், நாப்பது வருஷம் நானா கேட்டேன் நீயா கேட்டே?" என்றார்கள். பிறகு, "பேச்சு அவர் பேச்சுதான். இன்னொரு தரம் போடு."

மாமி போய் மூன்று வருஷமாகிறது. ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது யோகா சொல்லித் தருகிறார்கள். கரீம் பாய் பெங்களூரில் மகன் வீட்டில். அந்தப் பிரதி பெரியவர் போனில் இருக்கிறது, சின்னவர் போனில் இருக்கிறது, எங்கெங்கோ ஆகாயத்திலும் இருக்கிறதாம், அழியவே அழியாதாம். பேரப் பிள்ளைகள் போட்டுக் கேட்டுவிட்டு, "தாத்தா வாய்ஸ்" என்கிறார்கள். இல்லை, அவர் குரல் கனமாக இருக்கும் என்று மறுத்துச் சொல்ல ஆளில்லை. போனில் இருப்பதே அவர் குரலாகிவிட்டது.