குவைத்திலிருந்து வந்த படம்

திருப்பதி ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவது அப்போது என் வேலை. ஆளை ஒரு படத்திலிருந்து வெட்டி இன்னொன்றில் நிறுத்துவேன். வெட்டிய ஓரத்தை லேசாகக் கரைக்க வேண்டும். இரண்டு படங்களின் வெளிச்சமும் ஒத்துப்போக வேண்டும். கடைசியில் காலடியில் நிழல் வரைய வேண்டும். அவசரத்தில் பலரும் மறப்பது அந்த நிழலைத்தான்.

ஒரு மத்தியானம் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தாள். உட்காரவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, ஒரு போட்டோ நிஜமா பொய்யான்னு பாத்து சொல்வியா?"

போலி பாஸ்போர்ட்டுக்குப் படம் மாற்றிக் கொடுத்ததாக அடுத்த தெருவில் ஒரு கடையைப் போலீஸ் அப்போதுதான் பூட்டியிருந்தது. இவளை யாராவது வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ?

"எதுக்குக்கா கேக்குறீங்க?"

தயங்கித் தயங்கிப் படத்தை வெளியே எடுத்தாள். குவைத்தில் டிரைவராக இருக்கும் கணவன் அனுப்பியதாம். பின்னால் கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் வெள்ளைக் கார்.

"வெயில்ல நிக்கிற மூஞ்சியா இது? அங்க எவளையோ சேத்துக்கினு எனக்குப் படம் காட்றான்."

ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். கார் நிழல் இடப்பக்கம் நீண்டு கிடந்தது. அவன் காலடியில் ஒன்றுமே இல்லை. காதோரம் முடியில் மெல்லிய நீலக் கோடு. ஸ்டுடியோவில் ஆளுக்குப் பின்னால் தொங்கவிடும் நீலத் துணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சொல்லலாமா, வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"பொய்தானே?"

"ஆமாங்க்கா. ஆள எங்கயோ ஸ்டுடியோல நிக்க வெச்சு எடுத்து, இதுல ஒட்டியிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை பக்கத்து வூட்டுக்குப் போன் பண்ணுவான். வெச்சுக்கறேன்" என்று கிளம்பினாள்.

அடுத்த வாரம் அவளே வந்தாள்.

"போட்டோல உன் நிழல் எங்கய்யான்னு கேட்டேன் தம்பி. அழுவுறான்."

அவன் குவைத்துக்கே போகவில்லை. வேலைக்கு அனுப்புவதாகப் பணம் வாங்கிய ஏஜென்ட் அவனைப் பம்பாயில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். ஊர் திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"பொம்பளன்னு நெனச்சேன். அப்டி இருந்திருந்தா வாய் வலிக்கத் திட்டியாவது இருப்பேன். இதுக்கு இன்னா சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவளே பம்பாய்க்குப் போய் அவனை அழைத்து வந்தாள். பங்காருபாளையத்தில் மாங்காய் லாரி ஓட்டினான். சீசன் முடிந்ததும் வேறொரு ஏஜென்ட் மூலம் மறுபடியும் குவைத்துக்குக் கிளம்பிவிட்டான்.

சில மாதம் கழித்துப் புதுப் படத்தோடு வந்தாள். மணல், தகரக் கொட்டகை, லாரி. கண்ணைச் சுருக்கி நிற்கிறான். அவன் நிழலும் லாரி நிழலும் ஒரே பக்கம். ஓரங்களை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் பழுதில்லை.

"நிஜம்தாங்க்கா. நல்லாப் பாத்துட்டேன்."

அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"நிஜம்னு சொல்லச் சொல்லி உனக்கும் போன் பண்ணானா தம்பி?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல."

படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள்.