புதன் பின்னேர ரோபோ வகுப்பு

எங்கள் ரோபோ போன வருடப் போட்டியில் மேசையிலிருந்து விழுந்தது. கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வந்தது. கடைசியில் மஞ்சள் கட்டத்துக்குள் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. நடுவர்களுக்கு முன்னாலேயே நேராகப் போய்த் தரையில் குப்புற விழுந்தது. அதற்கு நிரல் எழுதிய, அப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்த பிள்ளை குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். கொழும்பிலிருந்து திரும்பும் ரயிலில் கிளிநொச்சி தாண்டும் வரை அவள் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் இந்த வருடம் பருவம் தொடங்கும்போதே இலக்குகளைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் வைத்தேன். கொக்குவிலில் நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் கணினி அறையில், ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்து, பெற்றோரையும் அழைத்து நடத்திய கூட்டம். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வீடியோவில் வந்தார். அவரைத் தொலைபேசியோடு சுடுதண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். சுவரில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, "இந்தப் பருவத்துக்கான இலக்குகள்" என்று எழுதிவிட்டு, சொல்லுங்கள் என்றேன். அதுதான் நான் செய்த முதல் மடத்தனம்.

"முதலாம் இடம்" என்றார் அதிபர். "அகில இலங்கை முதலாம் இடம்" என்று திருத்தினார் ஒரு தகப்பன். போத்தலில் சாய்ந்திருந்தவர், "ஏன் இலங்கையோடை நிப்பாட்டுறியள்? இன்ரநேஷனலுக்குப் போங்கோ" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். போன வருடம் விழுந்து நொறுங்கிய சாமானைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைப்பு அங்கே ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. குழுவிலுள்ள ஆறு பிள்ளைகளும் பின்வரிசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் நிரல் எழுதிய அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். "நீர் சொல்லும் பிள்ளை."

அவள் எழும்பி நின்றாள். "கட்டத்துக்குள்ளை தானா நிக்கவேணும் ரீச்சர். ஒவ்வொரு தரமும் நிக்கவேணும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. முதலில் சிரித்தவர் அவளுடைய தகப்பன்தான். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க வேலை. மடிப்புக் குலையாத சேட்டும் அதன் பையில் இரண்டு பேனையுமாக வந்திருந்தார்.

"நிக்கிறதெல்லாம் ஒரு இலக்கோ ரீச்சர்? இவவுக்கு அடுத்த வருசம் ஓ.எல். சோதினை. இந்த ரோபோ விளையாட்டு இந்த வருசத்தோடை சரி. கடைசி முறை, முதலாம் இடத்தை எடுத்துப்போட்டு விடட்டும்."

பிள்ளை திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரு பருவம்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எரிச்சலை அடக்கிக்கொண்டு, சரி, முதலாம் இடம் என்றே எழுதுகிறேன், அதற்கு எனக்குக் கிழமையில் ஒரே ஒரு பின்னேரம் தாருங்கள் என்றேன்.

அதோடு கைதட்டல் நின்றது. திங்கள் விஞ்ஞானம். செவ்வாய் ஆங்கிலம். வியாழன் ஒருவருக்கு வரலாறு, இன்னொருவருக்குத் தமிழ். வெள்ளி கோயில், சனி முழுநாளும் வகுப்பு, ஞாயிறு பூசை. புதன்கிழமை ஆறு பேருக்கும் ஒரே ரியூசன், கணிதம். எல்லாருடைய முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

"அது உங்கடை அவரின்ரை வகுப்பெல்லோ ரீச்சர்" என்றார் ஒரு தாய்.

உண்மைதான். என் கணவர் ரியூசன் மாஸ்ரர். எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்துக் கொட்டகையில்தான் அந்த வகுப்பு நடக்கிறது. ஊரையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு போனவள் கடைசியில் என் வீட்டுப் படலையில்தான் வந்து முட்டிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன். அவர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலே கேட்டார்.

"மாத்தலாம். எனக்கொண்டுமில்லை. ஆனா நான் விடுற நேரத்தை அவை சும்மா வைச்சிருப்பினம் எண்டு நீர் நினைக்கிறீரோ?"

"வைச்சிருப்பினம். எல்லாரும் கைதட்டினவையல்லோ."

அவர் வகுப்பைச் சனிக்கிழமை விடியற்காலைக்கு மாற்றினார். அடுத்த புதன் நான் கணினி அறையைத் திறந்து, போட்டிக்குரிய விரிப்பை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். மற்ற நாலு பேரையும் அந்தக் கிழமைக்குள்ளேயே புதன் பின்னேரத்துக்கு வேறு வேறு வகுப்புகளில் சேர்த்துவிட்டிருந்தார்கள். நிரல் எழுதும் பிள்ளை வணிகக் கல்வி படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"நேரம் சும்மா கிடந்தது ரீச்சர்" என்றார், மிகவும் மரியாதையாக.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த தொலைபேசியை எறிந்திருப்பேன். எறியவில்லை. அதிலேயே பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி அடித்தேன்: "புதன் பின்னேரம் ரோபோ விசேட வகுப்பு. இடம்: வழமையான கணித வகுப்புக் கொட்டகை. வரவு எடுக்கப்படும்." பயிற்சி என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். குத்தலாகத்தான் அனுப்பினேன். யாருக்காவது சுடும் என்று நினைத்தேன்.

சுடவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆறு சம்மதப் பெருவிரல்கள் வந்து விழுந்தன. அடுத்த புதன் ஆறு பேரும் நேரத்துக்கு முன்பே கொட்டகையில் இருந்தார்கள். தாய்மார் புதுக் கொப்பிகளுக்கு உறை போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குழுவில் இல்லாத ஒரு பையனின் தாய் படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்தி, "ரீச்சர், நோட்ஸ் குடுப்பியளோ? போன வருசத்து வினாத்தாள் செய்விப்பியளோ?" என்று கேட்டார். என் கணவர் யன்னலுக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் சிரித்தார். நான் அவரோடு அன்று இரவுச் சாப்பாடு வரை கதைக்கவில்லை.

ஆனால் வேலை நடந்தது. முதல் கிழமைகளில் ரோபோ போன வருடத்தைப் போலவே கட்டத்தைத் தாண்டி ஓடியது. நிரலைத் திரும்பத் திரும்ப மாற்றினோம். பிறகுதான் அந்தப் பிள்ளை பிடித்தாள், பிழை நிரலில் மட்டும் இல்லை. கொட்டகைக் கூரையின் கிடுகு இடுக்கால் வந்து விழும் வெயில் பட்ட இடங்களில், ரோபோவின் அடியிலிருந்த உணரி நிறத்தை மாற்றி வாசித்தது. போட்டி மண்டபத்தின் விளக்குகளும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். உணரியைச் சுற்றிக் கறுப்பு மட்டையில் ஒரு சின்னப் பாவாடை வெட்டி ஒட்டினாள். எல்லா வெளிச்சத்திலும் ஓட்டிப் பார்த்தாள். மழை இருட்டில், ரோர்ச் லைற் அடித்து, எப்படியெல்லாமோ. ஒரு புதன் அது நின்றது. அதற்குப் பிறகு நின்றுகொண்டே இருந்தது.

போட்டிக்கு அவளுடைய தகப்பனும் கொழும்புக்கு வந்தார். பார்வையாளருக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னருகில் நின்றார். ரோபோ மூன்று ஓட்டம் ஓடியது. மூன்றிலும் கட்டத்துக்குள் வந்து, மூச்சு வாங்கும் நேரம் கூட எடுக்காமல், நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். எங்களை விட வேகமான ரோபோக்கள் நாலு இருந்தன, அவ்வளவுதான்.

பிள்ளை ரோபோப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தகப்பன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரீச்சர், முன்னுக்கு வந்த நாலு ரீமும் எங்கை வகுப்புக்குப் போறாங்கள் எண்டு விசாரிச்சனீங்களோ? அடுத்த வருசம் நாங்களும் நேரத்தோடை சேர்த்துவிட்டா, முதலாம் இடத்தை எட்டிப் பிடிக்கலாம்."

அந்த வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த வருசம் நான் இல்லையே அப்பா. நீங்கள்தானே நிப்பாட்டச் சொன்னனீங்கள்."

அவர் அவளைப் பார்த்தார். மறந்துதான் போயிருந்தார் என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. சேட்டுப் பையிலிருந்த பேனையைத் தொட்டார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பஸ் நின்ற பக்கம் நடந்தார். அவள் பின்னால் போனாள். சரி, அடுத்த வருடமும் செய் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மனிதன். சொல்லவில்லை.