சாமிகிட்டச் சொல்லீருங்க

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பக்கத்துத் தெருவில் போர் போட ரிக் வண்டி வந்தது. ஈரக் கல்மாவும் டீசலும் கலந்த வாசனை மொட்டைமாடி வரை ஏறிவிட்டது. துணி எடுக்கப் போனவள், எடுக்காமல் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டேன். நான் அப்படித்தான், கை ஒரு வேலையில், கண் இன்னொன்றில். பைப் மாட்டும் இடைவெளியில் டிரில்லர் வீடியோ காலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: “தலைல துண்டக் கட்டு சாமி, மண்ணெல்லாம் உழுகுது பாரு.”

“கட்டறேன், போனை வைம்மா!”

தெருவே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செங்கோடன் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது அங்கே நின்றபோதுதான்.

பி.காம். முடித்த கையோடு திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீஸில் சேர்ந்தேன். தினமும் சேலத்திலிருந்து பஸ். வண்டிகள் ஒடிசா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியூரில் நிற்கும். காட்டுக்குள் போனால் யார் போனும் எடுக்காது. டீசலுக்கு டவுனுக்கு வரும் மேனேஜர் சாயங்காலம் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, எத்தனை அடி ஓட்டினோம் என்று சொல்வார். வீட்டுச் சேதியெல்லாம் அவரிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அதுவும் என் வேலை. நான் மகா கெட்டிக்காரி. பாதி கேட்டதும் மீதியை நானே முடித்து வைத்துவிடுவேன். “மேடத்துக்கு ரெண்டு காது எதுக்கு, ஒன்னைக் கழட்டி ஷோகேஸ்ல வெச்சிரலாம்” என்பார் ஸ்டோர் பார்க்கிறவர். அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

செங்கோடன் அண்ணன் ஒடிசா வண்டியில் டிரில்லர். அவர் அம்மா மல்லசமுத்திரத்திலிருந்து வாரத்துக்கொரு தடவை கூப்பிடுவார். “நல்லாருக்கானாங்க அம்முணி?” அவ்வளவுதான் பேச்சு. நான் கிறிஸ்தவள், அவர் பேச்சில் வேதக்காரப் பெண், என்று தெரிந்ததும் ஒருநாள், “உங்க கோயில்ல எங்களுக்கும் சேத்துக் கும்புடுங்க” என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. ஒன்றில் அந்த அம்மா. “அம்முணி, எங்க ஊட்டுக்காரருக்கு மேலுக்கு முடியலீங்க. சாமிகிட்டச் சொல்லீருங்க.”

“கண்டிப்பாச் சொல்றேங்க!”

சொல்லவும் செய்தேன். எங்கள் வீட்டில் சாமி என்றால் ஒன்று கடவுள், இல்லாவிட்டால் பங்குச் சாமியார். அன்று சாயங்காலமே மெழுகுவத்தி ஏற்றி முதலாமவரிடம் சொன்னேன். ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் பெயர் சேர்க்கச் சொல்லி இரண்டாமவரிடமும் சொன்னேன். மூன்றாவதாக ஒரு சாமி ஒடிசாக் காட்டில் பைப் மாட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார். “சாமிகிட்டச் சொன்னீங்களா அம்முணி?”

“அன்னிக்கே சொல்லிட்டேங்க.”

“ஒன்னும் சொல்லலீங்களா?”

எனக்குச் சிரிப்பு. “சாமி என்னைக்குங்க பதில் பேசியிருக்கு? மனசுல வாங்கிக்கும்.”

“அது சரி” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். சொந்தக்காரர் ஒருவர் முதலாளிக்குச் சொல்ல, முதலாளி ஒடிசா மேனேஜர் மூலம் காட்டுக்குள் ஆள் விட்டார். செங்கோடன் அண்ணன் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆபீஸுக்கு வந்தார், மொட்டைத் தலையோடு. “ஏனுங்க, எங்கம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணுச்சாமுங்க. சாமிகிட்டச் சொல்லுங்கன்னு சொன்னேங்குது.”

“எந்தச் சாமிகிட்டங்க?”

“என்னையத்தானுங்க. பொறந்ததுலருந்தே அப்படித்தான் கூப்புடும். போன் வந்துச்சுங்களா?”

அந்த ஒரு நொடியை எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன், வாய் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறது. “இல்லீங்களே.”

“அதானுங்க. இப்பவாச்சும் பொய் சொல்லாதம்மான்னு நானும் சொன்னேன்” என்று படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் மாறித்தான் போனேன். யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன், யாருக்கு என்று பெயர் கேட்கிறேன். இப்போதைய ஆபீஸில் என்னைக் கிளிப்பிள்ளை என்கிறார்கள். தப்பிலிருந்து பாடம் கற்றுவிட்டேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கற்றது காதுக்கான பாடம். வாய்க்கானதைத் தொடவே இல்லை.

அந்த ஆபீஸ் இன்று இல்லை. வண்டிகளை விற்றாகிவிட்டது, அந்த இடத்தில் பேக்கரி. போன் நம்பரும் செத்துவிட்டது. அந்த அம்மா கூப்பிட்டதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஸ்டோர்க்காரரைப் போன வருடம் பஸ்ஸில் பார்த்தேன். அம்மாவும் மகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்களாம், இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு. அப்பன் கிடக்கிறான் என்று தெரிந்தும் மகன் வரவில்லை என்று அம்மா. சொல்லாமலே இருந்துவிட்டுச் சொன்னேன் என்கிறாள் என்று மகன். அப்போதும் “அப்படியா?” என்று கேட்டுவிட்டு இறங்கிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மல்லசமுத்திரம் பஸ் ஏறப் போகிறேன். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத்தான் சொல்ல வேண்டும். “போன் வந்துச்சுங்க. ரெண்டு தடவை. எடுத்தது நான்தான்.” வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்றால் எனக்கு வேறு பேச்சு வந்துவிடும்.