கத்தரிக்கோலும் வாளும்

என் மகனுக்கு ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. என்ன மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. இங்கே அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "முருகா, பிள்ளைய என்கிட்ட குடுத்துடு, முடி வளத்து பழனிக்கே வந்து எறக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்துவிட்டான். அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைப்பு. நேர்ந்துகொண்ட முடி. அதுவரை அதில் கத்தரி படக்கூடாது.

அந்தக் கோடை வரவேயில்லை. என் கணவரின் விசா முத்திரை அதற்குள் காலாவதியாகிவிட்டது. ஊருக்குப் போனால் சென்னையில் மறுபடி ஸ்டாம்பிங் வாங்கித்தான் திரும்ப முடியும். எங்கள் தெருவிலிருந்தே அப்படிப் போய், கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார் அவர். கிரீன் கார்டு வரிசையோ அனுமார் வால். நாங்கள் இந்த நாட்டை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. பையனின் முடி மட்டும் தோளைத் தாண்டி முதுகுக்கு வந்தது.

கோயிலில் ஒரு ஆன்ட்டி, பார்க்கும்போதெல்லாம், "இன்னுமா எறக்கல? சாமி குத்தம் ஆயிடும்மா" என்பார். நான் என்ன, ஆசைப்பட்டா வைத்திருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் அவனைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த மத்தளம் நான்.

பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் ஃப்ராங்க் அரசர்கள் வந்தார்கள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"அம்மா, டிட் யூ நோ? அந்தக் காலத்து ஃப்ரான்ஸ்ல கிங்ஸ் எல்லாருக்கும் லாங் ஹேர்! லைக் மீ!"

மெரோவிஞ்சியர் என்று ஒரு வம்சமாம். அரச ரத்தம் மட்டும்தான் முடியை நீளமாக வளர்க்கலாம். வெட்டிவிட்டால் அரசாள முடியாது. போகப் போக அந்த அரசர்களுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியதாம். அதிகாரமெல்லாம் அரண்மனை மேயர் என்ற பெரிய மந்திரி கையில். கடைசியில் பெப்பின் என்ற ஒரு மேயர், அரசனுக்கு முடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே சிம்மாசனம் ஏறினான். அவன் மகன்தான் ஐரோப்பாவையே ஆண்ட சார்லமேன்.

"நம்ம வீட்ல அப்பா கிங். விசா அவர் பேர்ல இருக்கு. பட் எல்லாம் ரன் பண்றது நீதான். யூ ஆர் தி மேயர்" என்றான்.

லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமலே கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தாலும் உள்ளே சுருக்கென்றது. மழித்தவன் மேயர்தானே.

அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. முடியை உச்சியில் முடிந்துகொண்டு நிமிர்ந்து போனான். கேலி செய்தவர்களுக்கும் பாடம் எடுத்திருப்பான் போல, கேலி நின்றது. எனக்கு நிம்மதிதான். ஆனால் ஒருநாள் பழனி என்று ஆரம்பித்ததும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"ஐ ஆம் நாட் கட்டிங் இட். ப்ராமிஸ் பண்ணது நீ. ஹேர் என்னோடது."

"உன்ன உயிரோட வெச்சிருக்கறதே அந்த முருகன்டா!" என்று கத்தினேன். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. மேசையில் உட்கார்ந்து இன்னொரு கதை சொன்னான். அதே வம்சத்தில், அப்பா செத்துப்போன பிள்ளைகளின் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன்மார், அவர்களை வளர்த்த பாட்டியான ராணியிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் கொடுத்தனுப்பினார்களாம். பிள்ளைகள் முடி வெட்டிக்கொண்டு வாழட்டுமா, சாகட்டுமா? அரசாள முடியாதென்றால் முடி வெட்டின கோலத்தில் பார்ப்பதைவிடச் சாகட்டும் என்றாளாம் அவள். இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டார்கள்.

"போதும், நிறுத்து" என்று எழுந்துவிட்டேன். அந்தக் கிழவி மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வசந்தத்தில் கணவருக்கு வேலை போயிற்று. இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். அவரும் விடாமல் அப்ளை பண்ணினார். ஒன்றும் தேறவில்லை. ஒருநாள் டிக்கெட் போட்டுவிட்டு வந்து, "போதும்மா, போலாம்" என்றார். ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது, எனக்கே வெட்கமாக இருக்கிறது, இனிமேலாவது பழனிக்குப் போகலாம் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

சாமான்களைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குளியலறையில் அவன் அப்பாவின் ட்ரிம்மர் ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. கதவு திறந்தபோது யாரோ ஒரு பையன் நிற்கிறான். காதுகள் பெரிதாகத் தெரிந்தன. கையில் ஒரு ஜிப்லாக் பை. அதில் சுருட்டி வைத்த முடி.

"என்னடா பண்ணிட்ட?"

"அந்தக் கதைல மூணாவதா ஒரு தம்பி இருந்தான், அம்மா. அன்னிக்கி நீ அத கேக்கல" என்றான். "தப்பிச்சிட்டான். அப்புறம் அவனே அவன் முடிய வெட்டிக்கிட்டான். யாரும் அவன எதுவும் பண்ணல. ஹி லிவ்ட்."

"ராஜா ஆனானா?"

"இல்ல."

பையை என் பக்கம் நீட்டினான். "இந்தா. முருகனுக்கு."

இத்தனை வருஷம் இந்த முடி என்றைக்கு இறங்கும் என்று ஏங்காத நாளில்லை. இப்போது அதை வாங்க எனக்குக் கை வரவில்லை.