பூதக்கண்ணாடியும் சக்கரம் வைத்த சோபாவும்

லிப்ட் வந்து நின்றால்கூட அவள் சட்டென்று ஏறமாட்டாள். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, தரை நிஜமாகவே தரைதானா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பாள். வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவள் தெருமுனைவரை போய்விட்டு, பூட்டு தன்னை ஏமாற்றியிருக்குமோ என்று திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். கணவர் பஸ் டிரைவர். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் பதறாத மனிதர். அவரே சொல்வார்: "நான் உன்னை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். நீதான் இன்னும் விசாரிச்சுக்கிட்டே இருக்க."

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம்! அதிலும் அவள் பங்கு எழுத்து. திரையில் வருகிற எழுத்தைப் படிக்க முடிகிறதா, பின்னால் இருக்கிற படத்தில் அது கரைந்துபோகிறதா, சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எது திறந்த கதவு என்று புரியுமா, இதையெல்லாம் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆபீஸில் நேருக்கு நேராக அவளை 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. அதுவும் அவளுக்குத் தெரியும். முதுகுப் பக்கத்தையும் அவள் நம்பி விட்டுவைத்ததில்லை.

அப்போது ஒரு கடல் கேம் தயாராகிக்கொண்டிருந்தது. பனிமூட்டத்துக்குள் கப்பல் ஓட்ட வேண்டும். பாறை எந்தப் பக்கம், வழி எந்தப் பக்கம் என்று மாலுமி சொல்வது திரையின் கீழே எழுத்தாக வரும். அந்த எழுத்தை ஓவியர் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில், பனிமூட்டத்தின் மேலேயே போட்டிருந்தார். அவர் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் தூங்கி எழுந்து வருவதுபோல வரும்.

"இதுல ஒரு மௌனம் இருக்குக்கா... பெரிசாக்கினா எழுத்து கத்தும்க்கா..."

"கப்பல் பாறையில மோதினா அதுவும்தான் கத்தும், தம்பி."

எழுத்துக்குப் பரீட்சை நடப்பது சோபா அறையில். கம்ப்யூட்டரில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த எழுத்தும் தெரியும். காசு கொடுத்து வாங்குகிறவர் தள்ளி உட்கார்ந்துதானே ஆடுவார்? அதனால் ஒரு சுவரில் டிவி, எதிரே சக்கரம் வைத்த சோபா. சோபாவின் பின்சக்கரங்கள் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப்பின் மேல் நிற்க வேண்டும். அதுதான் சட்டம். காலையில் முதல் ஆளாகப் பூதக்கண்ணாடி போய், சோபாவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள்.

அவளுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. இசை போடுகிறவர், "ஓ, ஜோரா தெரியுதே!" என்றார். கணக்குப் பார்க்கிறவர், "சுமாரா தெரியுது, சுமாரா" என்றார். அவருக்குச் சம்பள நாள்கூடச் சுமார்தான்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். எதைச் சொன்னாலும் வாலில் ஒரு முடிச்சுப் போடாமல் விடமாட்டார் அவர்.

"எல்லாருக்கும் தெரியுது, உனக்குத் தெரியல. அப்ப கோளாறு எழுத்துல இல்லம்மா, கண்ணுல. அவ்வளவுதானே? வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். அன்னைக்கும் நீ ஒருத்தி மட்டும் தெரியலன்னு நின்னா, சத்தம் சோதிக்கிற பக்கம் போயிடு. காது நல்லாத்தானே இருக்கு? அவ்வளவுதானே?"

இத்தனை வருஷம் அவள் யாரை நம்பாவிட்டாலும் தன் கண்ணை நம்பியிருந்தாள். நேரே கண் டாக்டரிடம் போனாள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, "வேற போர்டு மாட்டுங்க டாக்டர், இது எனக்கு மனப்பாடமா இருக்கலாம்" என்றாள். வேறு போர்டையும் படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் அறைக்குள் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது. யார்? ஓவியர்தான். அவன் குழைகிற குழைவே சரியில்லை. நான் போனதும் எழுத்தைப் பெரிதாக்கி வைக்கிறானோ? கதவிடுக்கில் நின்று பார்த்தாள். அவர் எதையும் தொடவில்லை. நகம் கடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் உள்ளே புகுந்து தரையைப் பார்த்தாள். பின்சக்கரங்கள் டேப்பின் மேல் இல்லை. சோபா ஒரு முழத்துக்கு மேல் டிவியை நெருங்கியிருந்தது!

அறையைப் பெருக்குகிற அம்மாளை மாடிப்படியில் மடக்கினாள்.

"சோபாவை நீங்களா முன்னாடி தள்ளுறீங்க?"

"நானா? தினமும் பின்னாடி தள்ளி மஞ்சக் கோட்டுல விடுறதே நான்தான். சாயங்காலம் வந்து பாத்தா முன்னாடி போய்க் கெடக்கு. எல்லாரும் டிவிக்கு முத்தம் குடுக்கப் போறீங்களோன்னு நெனச்சேன்."

ஆகா, முடிந்தது கதை. அவள் காலையில் கோட்டிலிருந்து பார்க்கிறாள். அவள் எழுந்துபோன பிறகு அவன் தள்ளிவிடுகிறான். மற்றவர்கள் கிட்டத்திலிருந்து பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் கணவர் பழைய கார் கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் பஸ், சாயங்காலம் கார். சோபாவின் விளிம்பில், இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் தரை என்கிற இடத்தில் இருந்தார். குதிகால் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

"தள்ளி உட்காருங்க. விழப்போறீங்க."

"நான் எங்க நகர்ந்தேன்? உட்கார்ந்த இடத்துலயேதான் இருக்கேன். ஸ்பீடு எவ்வளவுன்னு பொடிசா போட்டிருக்கான் பாரு, அதைத்தான் பாக்குறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வீட்டுச் சோபாவுக்குச் சக்கரம் இல்லை.

"என்னடி, என்னையும் சந்தேகப்படுறியா?"

"பேசாம ஆடுங்க. காலை மட்டும் மாத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை முதலாளி வந்ததும் அவள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கீழ எதுக்கும்மா?"

"இடுப்புப் பிடிப்பு சார்."

பச்சைப் பொய். இசைக்காரர் வந்து உட்கார்ந்தார், "ஜோர்!" என்றார். அதற்குள் சக்கரம் ஒரு சாண் உருண்டிருந்தது. கணக்குக்காரர் வந்தார், "சுமார்" என்றார். இன்னும் ஒரு சாண் உருண்டது. கடைசியில் ஓவியர்.

"பளிச்சுன்னு... தெரியுது சார்..." என்று சொல்லச் சொல்ல, அவர் குதிகால் இரண்டும் தரையைப் பிடித்து இழுத்தன.

"தம்பி, பஸ் கிளம்பிடுச்சு. பாத்துப் பிடிச்சுக்குங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஓவியரின் முகம் வெளிறியது. முதல்முறையாக அவர் வேகமாகப் பேசினார்: "நான் தள்ளலக்கா! சத்தியமா தள்ளல!"

அவளுக்கே ஆச்சரியம், அவர் சொன்னதை நம்பினாள்.

"தெரியும் தம்பி. இங்க யாருமே தள்ளல. எழுத்து தெரியலன்னு உடம்பு தானாப் போகுது. நான் சம்மணம் போட்டு உட்காருறேன், எனக்கு மட்டும் போகல."

"இது நல்ல கதையா இருக்கே" என்றார் முதலாளி. அவள் சோபாவைக் கோட்டுக்குத் தள்ளினாள். சக்கரங்களுக்கு முன்னால் கனமான இரண்டு அட்டைப் பெட்டிகளை முட்டுக் கொடுத்தாள். "நீங்களே உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். கப்பல் கிளம்பியது. எழுத்து வந்தது. முதலாளியின் கழுத்து ஆமைபோல நீண்டது. பிறகு முதுகு வந்தது. பிறகு மொத்த ஆளும் விளிம்புக்கு வந்தார். சோபா மட்டும் அசையவில்லை.

"இடது பக்கம்... ஏதோ இருக்குன்னு போட்டிருக்கு. என்ன இருக்கு?"

டமார் என்று திரை குலுங்கியது.

"பாறை சார். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கணக்குக்காரர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். முதலாளி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எழுத்தைப் பெரிசாக்குங்கப்பா. பின்னாடி கறுப்புப் பட்டை போடுங்க. நீ இங்கேயே இரும்மா" என்றார். அன்று மட்டும் வாலில் முடிச்சு இல்லை.

அடுத்த வாரம் ஓவியர் புது எழுத்தோடு வந்தார். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. அவள் கோட்டிலிருந்தே, சம்மணம் கலைக்காமல், கடகடவென்று படித்தாள்.

"இப்பவாவது... நம்புறீங்களாக்கா...?"

"நம்பாம என்ன, தம்பி. நல்லாப் போட்டிருக்கீங்க" என்றபடி இறங்கினாள். ஓவியர் சந்தோஷமாகக் கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி தரையில் மண்டியிட்டு, மஞ்சள் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். டேப்பை யாராவது பெயர்த்து முன்னால் ஒட்டியிருந்தால்?