லிஃப்ட்காரரின் சாட்சியம்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் பக்கச் சுவரில் காதை ஒட்டிக்கொள்கிறார் லிஃப்ட்காரர். நீதிமன்றத்து லிஃப்ட் முனகிக்கொண்டே மேலேறுகிறது. "இதுக்கு வயிறு சரியில்லை. ரொம்ப நாள் தாங்காது," என்கிறார், உடன் வரும் கறுப்பு அங்கிகளிடம். யாரும் காதில் வாங்கவில்லை. லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். கேட்காதவர்களிடம் பேசிப் பழக்கம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் ஒன்று இருக்கும். இன்று வாசல் காவலர் அதை வாங்கி வைத்துக்கொண்டதில் பை காலி. அடிக்கடி தடவிப் பார்க்கிறார்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வேலை முடிவதற்குள் அங்குள்ள எல்லா மாடிக்கும் அவர் பையனைப் பற்றித் தெரிந்துவிடும். "பல்லு கட்டுறான். நீங்க சிரிச்சா போதும், எது பொய்ப் பல்லுன்னு சொல்லிடுவான்." கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பையன் அவர் பெற்ற பிள்ளையல்ல. மனைவியின் முதல் கணவர் வேறு நாட்டுக் குடிமகன். பிள்ளை பிறக்குமுன்பே இறந்துபோனார். அவர்தான் தகப்பன் என்று நிரூபணமானால் பையனுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும். அங்கே வேலை பார்க்கும் தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அவன் போய்ச் சேரலாம். ஆனால் அந்தத் திருமணம் பதிவாகவில்லை. தாயும் இப்போது இல்லை. மரபணுச் சோதனைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை. பள்ளிச் சான்றிதழ் தொடங்கி எல்லாவற்றிலும் தந்தையின் இடத்தில் லிஃப்ட்காரர் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். நீதிமன்றம் சொல்லட்டும் என்று தூதரகம் கைவிரித்துவிட்டது.

அவரே கூண்டில் ஏறி மறுத்தாக வேண்டும். பையன் தரப்பு வக்கீலம்மா ஒத்திகை பார்த்தார்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"பையன்."

"ஐயா..."

"சரி, சரி. நாக்கு பழைய தடத்துலயே ஓடுதும்மா."

வளாகத்துக்குள் ஒட்டி உரசி நிற்கக் கூடாது என்பதும் வக்கீலம்மாவின் உத்தரவு. தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பெஞ்சு.

"டீ சாப்பிடறீங்களா, சார்?" என்றான் பையன்.

"வேணாம் போடா, சார்."

கூண்டில் அரசு வக்கீல் குடைந்தார். "ஸ்கூல்ல அப்பான்னு உங்க பேரைத்தானே கொடுத்தீங்க?"

"ஆமாங்க."

"ஏன்?"

"அப்பா யாருன்னு கேட்டாங்க. பக்கத்துல நான்தான் நின்னேன்."

"அப்ப பொய் சொன்னீங்க."

"அன்னைக்கு அது பொய்யாத் தெரியலைங்க."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். "நேராச் சொல்லுங்க. இவர் நீங்க பெத்த மகனா?"

"இல்லைங்க."

தடங்கல் இல்லாமல் வந்தது. பையன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு அடுத்த மாதம். கீழே வந்ததும் லிஃப்ட்காரர் வக்கீலம்மாவைத் தனியே அழைத்தார். "நல்லாச் சொன்னேனா?"

"கச்சிதம். இனி கவலை இல்லை."

"இனிமே அவன்கூட நடக்கலாமா?"

"கேட்டைத் தாண்டிடுங்க. யார் கண்ணுலயும் பட வேண்டாம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பையன் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். லிஃப்ட்காரர் குடையை விரித்தார். அவனை விட்டு எட்டியே நடந்தபடி, கையை முடிந்த மட்டும் நீட்டி, குடை முழுவதையும் அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டே கேட்டை நோக்கிப் போனார்.