அறுபத்து நான்கு சந்தனப் பொட்டு

நான் நல்லவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலம்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியனுக்குப் படம் அச்சடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குப் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளை டீ-சர்ட்டில் கடுகளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பீஸை அடுத்த டேபிளுக்குத் தள்ளுவாள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை.

காற்றாலை எந்திரங்களைச் சுமந்துகொண்டு ராட்சச லாரிகள் அவிநாசி ரோட்டில் ஊர்ந்துபோன வருடங்கள் அவை. அப்படி நான்கு லாரி வைத்திருந்த ஒரு முதலாளி, நான் அட்டையில் பஸ், லாரி செய்வதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம பெரிய வண்டிய அச்சு அசலா செஞ்சு குடு கண்ணு. விஜயதசமிக்குப் புது ஆபீஸ் தொறக்கறோம். நல்லா வந்துச்சுன்னா பெயிண்டிங் ஷெட்ட நீயே பாத்துக்க."

பிரிண்டிங் மருந்தில் வெந்து கைத்தோல் உரிந்துகொண்டிருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வண்டியின் அடியில் படுத்து அளந்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. கேபினுக்கு நூல் கோன் அட்டை, சேசிஸுக்குத் தகரம். பழைய ரப்பர் செருப்புகளைக் குழாயால் வெட்டி டயர் செய்தேன். மொத்தம் அறுபத்து நான்கு. மஞ்சள் எனாமல் அடித்து முடித்தபோது வண்டி பளபளவென்று இருந்தது. அவள் முகவாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்க, நெசமா ஓடுமாட்ட இருக்குதுங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

பளபளப்பு எனக்குப் பிடிக்காது. வெயிலிலும் மழையிலும் ஓடிய வண்டி ஓடிய மாதிரி இருக்க வேண்டும். பட்டறைக்கு எடுத்துப்போய் மூன்று வாரம் அதை அழுக்காக்கினேன். பழைய வண்டி ஒன்றில் சுரண்டிய துருவைப் பொடித்து, பனியன் அச்சுக்குப் போடும் பைண்டர் பசையில் குழைத்து, ஸ்பாஞ்சுத் துண்டால் மட்கார்டு ஓரமெல்லாம் ஒற்றினேன். பல்லடம் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து டயர் இடுக்கில் பூசினேன். டீசல் டேங்கில் ஒழுகல் கறை, புகைக்குழாய் மேல் விளக்குக் கரி. கூட வேலை செய்தவன் கிட்டே வந்து மோந்து பார்த்தான். "டேய், டீசல் வாடையே அடிக்குதுடா!" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பைண்டரில் அடித்தது நிற்க வேண்டுமென்றால் சூடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சோப்புத் தண்ணீரில் போய்விடும். அட்டை வண்டியைச் சூட்டில் வைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தேன். ஏன் அழுக்காக இருக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பட்டறையில் பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு மதியம் வந்தேன். லைன் வீட்டு வாசலில் எல்லோர் வண்டியும் கழுவிப் பொட்டு வைத்து நின்றன. அந்த வரிசையில் கடைசியாக, ஒரு பலகைமேல் என் லாரி. சுத்தமான மஞ்சள். பளபளவென்று.

பழைய டூத் பிரஷும் சோப்புத் தூளும் போட்டு, அட்டை ஊறிவிடாமல், இடுக்கு இடுக்காகத் தேய்த்திருக்கிறாள். அறுபத்து நான்கு டயருக்கும் தீக்குச்சி முனையால் ஒவ்வொரு சந்தனப் பொட்டு.

"பட்டறைல ஆரோ கண்டபடி அழுக்குப் பண்ணி வெச்சிருந்தாங்க. நாளைக்குக் குடுக்கோணுமில்லீங்க, அதான்..." என்று சிரித்தாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றேதான் கத்தினேன்.

"பெத்து ஒண்ணக் குளிப்பாட்ட வக்கில்ல. லாரியக் குளிப்பாட்ட வந்துட்டா!"

அவள் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அடித்திருந்தால்கூட யாராவது தடுக்க வந்திருப்பார்கள்.

மறுபடி அழுக்காக்க நேரமில்லை. விஜயதசமி காலையில் வண்டியைத் துண்டில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு அவிநாசி பஸ்ஸில் போனேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் வழியெல்லாம் நினைப்பு. முதலாளி துண்டை விலக்கினார். குனிந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! புதுசா எறக்குன அன்னைக்கு இருந்தாப்புலயே இருக்குதே கண்ணு! மூணு வாரமா அழுக்குப் பண்றேன்னு சொல்லி உட்டயா, எனக்கு ஒரே ரோசனையாப் போச்சு. அழுக்கு வண்டியக் கொண்டுபோயி ஆராச்சும் சாமி படத்துக்குக் கீழ வெப்பாங்களா? அதென்ன, டயருக்கு டயரு பொட்டு? ஆரு வெச்சது?"

"நாந்தானுங்க" என்றேன்.

வாய் கூசவே இல்லை. ஒண்ணாம் தேதியிலிருந்து ஷெட்டுக்கு வந்துவிடச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒழுங்காகத்தான் யோசித்தேன். போனதும் சொல்லிவிட வேண்டும், உன்னால்தான் வேலை கிடைத்தது என்று. வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். "என்னங்க சொன்னாங்க?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், உண்மையைச் சொன்னால் நேற்றுச் சொன்ன சொல்லுக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது உறைத்தது.

"மூஞ்சில வீசாத குறைதான். கால்ல உழுந்து கெஞ்சித்தான் வேலைய வாங்கிட்டு வந்திருக்கறேன்" என்றேன்.

அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

"என்னாலதானுங்க நீங்க கால்ல உழுகற மாதிரி ஆயிப்போச்சு. நானும் ஒருக்கா வந்து அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். நீ அந்தப் பக்கமே வரக்கூடாது" என்றேன். அந்த ஷெட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். அவள் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அன்றைக்குச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.